வெறும் 'டிக்'

நம்மிடையே ஓர் இனம் உலவுகிறது. பார்ப்பதற்கு மிகவும் நல்ல இனம். கடிக்காது, முட்டாது, உரக்கக்கூடப் பேசாது. ஏதாவது கேட்டுக்கொண்டு போய் நின்றால் எழுந்து வரவேற்கும், நாற்காலியை இழுத்துப் போடும், காப்பி வரவழைக்கும், ஊரில் அம்மா சௌக்கியமா என்று விசாரிக்கும். கேட்டதை மட்டும் தராது. அதற்காக 'இல்லை' என்றும் சொல்லாது. இல்லை என்று சொல்லிவிட்டால் நாம் வேறு வாசலைப் பார்த்துப் போய்விடுவோமே, அந்தப் பாக்கியத்தை அவ்வளவு எளிதில் நமக்குக் கொடுத்துவிடலாமா? இந்த இனத்துக்குத் தமிழில் இன்னும் பெயர் இல்லை. ஒரு பெயர் வைத்துத் தரும்படி தமிழ்ப் பேராசிரியர் ஒருவரிடம் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வைத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்.

இந்த இனத்தை எங்கும் பார்க்கலாம். கூரை ஒழுகுகிறது என்றால் மழை விடட்டும் என்கிற வீட்டுக்காரர், பெண்ணுக்கு வரன் சொல்கிறேன் என்று ஜாதகத்தை வாங்கி வைத்துக்கொண்டு அதன்மேல் இட்லித் தட்டை வைக்கிற ஒன்றுவிட்ட மாமா எல்லாம் இதில் சாதாரண வகை. அசல் உயர்ந்த ரகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறையைத் தாண்டிப் போக வேண்டும். அங்கே தென்னந்தோப்புகளுக்கு நடுவே, கணவாய்க் காற்றில் எப்போதும் ஒரு ஜன்னல் அடித்துக்கொண்டிருக்கும் தனியார் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில், டாக்டர் சிவப்பிரகாஷ் இருந்தார். மற்றவர்கள் இந்தக் கலையைத் தெரியாமல் செய்கிறார்கள். டாக்டரோ இதில்தான் டாக்டர் பட்டமே வாங்கியிருந்தார்.

அவருடைய ஆராய்ச்சி எலிகளைப் பற்றியது. வெள்ளை எலிகள் நாற்பது. முதல் சோதனை இது: கூண்டுக்குள் ஒரு சின்னக் கட்டை. எலி அதை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், உடனே ஒரு தீனி உருண்டை விழும். பத்து நாள் இப்படிப் பழக்கினால் எலிக்கு அந்த 'டிக்'கே தித்திக்கத் தொடங்கிவிடும். பிறகு தீனியை நிறுத்திவிட்டு வெறும் 'டிக்'கை மட்டும் கொடுத்துப் பார்ப்பார்கள். தீனி இல்லாத வெறும் சத்தத்துக்காக ஓர் உயிர் எத்தனை நாள் உழைக்கும்? கேட்க ஒரு மாதிரியாக இருந்தாலும் நல்ல கேள்விதான். டாக்டர் சிவப்பிரகாஷின் எலிகள் கொடுத்த விடை, ஐந்து நாள். ஆறாவது நாள் எலி கட்டைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மீசையைத் துடைக்கத் தொடங்கிவிடும்.

எலிகளுக்கு ஐந்து நாள். ஆனந்திக்கு ஆறு வருடம் ஆயிற்று.

ஆனந்தி இடுக்கிப் பக்கத்து ஆனைக்கரைப் பெண். தாய் கோமதி ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிறவள். ஒரே மகளை உளவியலில் எம்.எஸ்ஸி. படிக்க வைத்தாள். 'உளவியல்' என்றால் என்னவென்று யாராவது கேட்டால், "மனசுக்குள்ள இருக்கிறதக் கண்டுபிடிக்கிற படிப்பு" என்பாள். அந்தப் படிப்பை முடித்த கையோடு தற்காலிகப் பணி, ஆறே மாதம் என்று ஆனந்தி இங்கே சேர்ந்தாள். சேர்ந்த முதல் வாரமே டாக்டர் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காருங்க கண்ணு. காப்பி சாப்புடறீங்களா? உங்கள மாதிரி ஒரு பொண்ணத்தான் நான் இத்தன வருசமாத் தேடிட்டு இருந்தேனுங்க. இந்த ஆறு மாசம் போகட்டும். வேல நிரந்தரம் பண்ணிப் போடலாம்."

"நெசமாவா சார்?"

"ஆயிருமுங்க."

அதுதான் முதல் 'டிக்'. அந்த மாதம் ஒரு தீனி உருண்டையும் விழுந்தது: ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றில் ஏழாவது பெயராக அவள் பெயர், எழுத்துப்பிழையோடு. அதன் பிறகு உருண்டை கிடையாது. சத்தம் மட்டும் உண்டு. நிரந்தரமா? ஆயிருமுங்க. பிஎச்.டி. பதிவா? ஆயிருமுங்க. விடுதியில் காற்றோட்டமான அறையா? அட, இதெல்லாம் ஒரு கேள்வியாங்க, ஆயிருமுங்க! சொல்லும்போது அவர் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். அவ்வளவு கனிவு, அவ்வளவு உறுதி. ஒருமுறை அவள் கண்ணெதிரிலேயே கைபேசியை எடுத்து யாரையோ கூப்பிட்டு, "நம்ம ஆனந்தி விசயம் என்னாச்சுங்க?" என்று அதட்டினார். அன்றைக்கு அவள் விடுதிக்குப் போகும் வழியெல்லாம் கால் தரையில் பாவவில்லை. எதிர்முனையில் இருந்தவர் டாக்டரின் மைத்துனர், அவருக்கு எந்த ஆனந்தியையும் தெரியாது என்பது பின்னால்தான் தெரிந்தது.

இப்படி ஓர் ஆளை வைத்துக்கொண்டால் எவ்வளவு வசதி பாருங்கள். எலிகளுக்குத் தீனி போடுவதும் பதிவேடு எழுதுவதும் புள்ளிவிவரம் கூட்டுவதும் ஆனந்தி. டாக்டர் மாநாட்டில் காட்டுகிற படங்களைத் தயாரிப்பதும் அவளே. மாநாட்டிலிருந்து அவர் கொண்டுவருகிற சால்வையை மடித்து அலமாரியில் வைப்பதும் அவளே. நடுவில் இரண்டு வேலைகள் அவளைத் தேடி வந்தன. இரண்டுக்கும், இங்கிருந்து விடுவித்தாயிற்று என்று டாக்டர் கையெழுத்திட்ட பணிவிடுப்புக் கடிதம் தேவைப்பட்டது. இரண்டுக்கும் டாக்டர் ஆயிருமுங்க என்றார். இரண்டும் வேறு யாருக்கோ ஆகிவிட்டன.

"ஏன் சார் இப்பிடி?" என்று இரண்டாவது முறை அழுதே விட்டாள்.

"போனாப் போகுதுங்க. இதவிடப் பெருசா ஒண்ணு உங்களுக்கு வெச்சிருக்கறேனுங்க" என்றார் டாக்டர். கண்களைத் துடைத்துக்கொண்டு அவள் அன்றைய எலிகளின் எடையைப் பார்க்கப் போனாள்.

டாக்டரின் இரண்டாவது சோதனையையும் சொல்லிவிட வேண்டும். நடுவில் ஒரு வாசல் வைத்த நீளப் பெட்டி. ஒரு பக்கத்தில் பளீரென்று விளக்கும் காதைக் குடைகிற சத்தமும் வரும். வாசல் வழியாக அடுத்த பக்கம் தாவினால் இருட்டும் அமைதியும். முதலில் எலி சுவரில் முட்டி மோதித் தற்செயலாகத்தான் தாவும். பத்தாவது தடவை விளக்கு எரிந்த கணமே தாவிவிடும். ஆனால் சில எலிகளுக்கு முதலில் ஒரு வாரம் வாசலைப் பூட்டியே வைப்பார்கள். அப்புறம் வாசலைத் திறந்துவிட்டாலும் அவை தாவுவதில்லை. விளக்கும் சத்தமும் வந்தால் மூலையில் சுருண்டுகொள்ளும், அவ்வளவுதான். அந்த எலிகளைக் கையில் தூக்கி வாசல் வழியாக அந்தப் பக்கம் விட வேண்டும். ஒருமுறை போதாது. இரண்டு, மூன்று, நான்கு முறை தூக்கி விட்ட பிறகே அவற்றுக்கு, ஓ, இப்படிப் போகலாமா என்று தோன்றும். தூக்கி விடுகிற வேலை ஆனந்தியுடையது. எலியின் நெஞ்சு கைக்குள் படபடப்பதை ஒவ்வொரு முறையும் உணர்ந்தவள் அவள். தன் நெஞ்சை அவள் தொட்டுப் பார்க்கவில்லை. அதற்கு அவளுக்கு எங்கே நேரம்?

இந்தச் சமயத்தில்தான் மூன்றாவது வேலை வந்தது. குமுளிப் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் மாணவர் ஆலோசகர். தமிழ் தெரிந்த, உளவியல் படித்த ஆள் வேண்டும். அம்மா வேலை பார்க்கிற ஸ்டோரிலிருந்து பஸ்ஸில் அரை மணி தூரம். நேர்முகத் தேர்வில் ஆனந்திதான் முதலிடம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பணிவிடுப்புக் கடிதத்தோடு வந்து சேர வேண்டும், தவறினால் பட்டியலில் அடுத்தவருக்கு என்று உத்தரவு வந்தது.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போனாள். "ரொம்ப சந்தோசமுங்க! ஆயிருமுங்க" என்றார். புதன்கிழமை போனாள். லெட்டர்பேடு அச்சகத்திலிருந்து வரவில்லை. வியாழக்கிழமை அவளே அச்சகத்துக்குப் போய் லெட்டர்பேடு வாங்கி வந்து, கடிதத்தை அடித்து மேஜைமேல் வைத்தாள். டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். ஒரு காற்புள்ளியைத் திருத்தினார்.

"அருமையா எழுதியிருக்கறீங்க. நாளைக்கு மிருக நலக் கமிட்டிக்காரங்க வர்றாங்க. அது முடிஞ்சொடனே கடுதாசில ஒப்பு போட்டுத் தர்றனுங்க."

"நாளைக்கு மத்தியானம் நீங்க கோயம்புத்தூர் மாநாட்டுக்குப் போறீங்கள்ல சார்? திரும்ப செவ்வாக்கெழமதான வருவீங்க?"

"அட, கார்ல ஏறறதுக்குள்ள ஆயிருமுங்க."

வெளியே வந்து எலிக்கூடத்து முக்காலியில் உட்கார்ந்தாள். அங்கே உதவியாளர் மணிகண்டன் கூண்டுகளுக்கு உமி மாற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். வளாகத்திலேயே குவார்ட்டர்ஸ் தருவதாகச் சொல்லித்தான் டாக்டர் அவரைக் கூட்டிவந்திருந்தார்.

"என்னுங்க அம்மிணி, கடுதாசி கெடச்சுதுங்களா?"

"ஆயிருமாம்ண்ணே."

மணிகண்டன் ஆறாவது நாளில் இருந்த ஒரு கூண்டைக் காட்டினார். உள்ளே எலி கட்டைக்கு முதுகைக் காட்டி மீசை துடைத்துக்கொண்டிருந்தது. "இதுக்கு எத்தன ரோசம் பாருங்க. தீனி வராதுன்னு தெரிஞ்சுபோச்சு, திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. நாமதானுங்க வருசக்கணக்கா அமுக்கிட்டே கெடக்கறம்."

"உங்களுக்கு எத்தன வருசம்ண்ணே?"

"பதினொண்ணுங்க."

"அப்ப நீங்க ஏன் நிறுத்தல?"

மணிகண்டன் அடுத்த கூண்டுக்கு உமியை அள்ளிப் போட்டார். "ஊடு கேக்கப் போனா ஒவ்வொருக்காவும் காப்பி குடுக்கறாருங்களே" என்றார்.

ஆனந்தி சிரித்தாள். அன்று மாலை அம்மா கோமதி கூப்பிட்டபோது திங்கட்கிழமை வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை. "ஏ புள்ள, நெசமா வந்துருவியா? ஸ்டோர்ல எல்லார்ட்டயும் சொல்லிப்புட்டேன்" என்றாள் கோமதி. போனை வைத்த பிறகும் அந்த 'சொல்லிப்புட்டேன்' காதிலேயே நின்றது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கமிட்டி வந்தது. கால்நடை மருத்துவர்கள் இருவர், அவர்களுக்குத் தலைமையாக மூக்கின் நுனியில் கண்ணாடியை நிறுத்தியிருந்த ஓர் அம்மையார். எலிகளைச் சரியாக வைத்திருக்கிறார்களா, எவ்வளவு நேரம் சத்தம் கொடுக்கிறார்கள், எத்தனை பிறந்தன, எத்தனை செத்தன என்று பார்ப்பது அவர்கள் வேலை. பதிவேடு சரியில்லை என்றால் கூடத்தை மூடும் அதிகாரம் அந்தக் கண்ணாடிக்கு உண்டு.

"முதல்ல ஜனன மரணப் பதிவேடு" என்றார் அம்மையார்.

"ஆனந்தி, அந்த ரெஜிஸ்டர எடுத்துட்டு வாங்க" என்றார் டாக்டர்.

ஆனந்தி எழுந்தாள். மூன்று பேருக்கும் நாற்காலியை இழுத்துப் போட்டாள். மணிகண்டனிடம் காப்பி கொண்டுவரச் சொன்னாள். பிறகு டாக்டரைப் பார்த்து, மிகுந்த கனிவோடு சொன்னாள்:

"ஆயிருமுங்க சார்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஆனைக்கரைப் பெண் வாயில் கொங்குத் தமிழ் கேட்டதும் டாக்டருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அம்மையார் காப்பியைக் குடித்து முடித்தார். சத்த அளவுப் பதிவேட்டைக் கேட்டார். "ஆனந்தி, அது எங்கீங்க?" "ஆயிருமுங்க சார்." தீனிக் கணக்கைக் கேட்டார். "அதும் ஆயிருமுங்க சார்." குரலில் ஒரு துளி மரியாதைக் குறைவு இல்லை. டாக்டர் தானே எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். உள்ளே முப்பது பதிவேடுகள். எது எதற்கு என்று அவருக்குத் தெரிந்தால்தானே? ஒன்றை உருவினார். அது சால்வைகளின் பட்டியல்.

அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். "டாக்டர், நாங்கள் இன்னொரு நாள் வரட்டுமா? ஆனால் அதுவரை கூடத்தைப் பூட்டிச் சீல் வைக்க வேண்டியிருக்கும்."

"ஒரு நிமிசமுங்க மேடம்!" டாக்டர் ஆனந்தியை நடைவழிக்கு இழுக்காத குறையாகக் கூட்டிப்போனார். நெற்றியெல்லாம் வியர்வை. "என்னுங்க இது? பதினஞ்சு வருச உழைப்புங்க கண்ணு!"

ஆனந்தி கடிதத்தையும் பேனாவையும் நீட்டினாள்.

"போட்டுத் தர்றனுங்க. சத்தியமாத் தர்றனுங்க. மொதல்ல இவங்கள அனுப்பிப் போட்டு—"

திரும்பி ஜன்னல் பக்கம் நின்றுகொண்டாள். வெளியே காற்றில் தென்னை மட்டைகள் ஆடிக்கொண்டிருந்தன. இன்னும் ஒரு வார்த்தை அவர் கனிவாகப் பேசியிருந்தால் நான் உடைந்து போயிருப்பேன் என்று அவள் பிற்பாடு சொன்னாள். அவர் பேசவில்லை. உள்ளேயிருந்து நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. டாக்டர் சுவரில் கடிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பழக்கதோஷத்தில் ஆனந்தி மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினொரு விநாடி.

"சீலு?" என்றாள்.

மணிகண்டன் எங்கிருந்தோ முத்திரையோடும் மைப்பெட்டியோடும் வந்து நின்றார். முத்திரை விழுந்தது. அதே சூட்டோடு அவர் தன் சட்டைப்பையிலிருந்து பழுப்பேறிய ஒரு குவார்ட்டர்ஸ் விண்ணப்பத்தையும் மெல்ல எடுத்தார். டாக்டர் அதற்குள் உள்ளே ஓடிக்கொண்டிருந்தார். ஓடியபடியே திரும்பி, "உங்களுக்கும் ஆயிருமுங்க மணி!" என்றார். மணிகண்டன் விண்ணப்பத்தை மடித்து, பழைய மடிப்பிலேயே, பைக்குள் வைத்துக்கொண்டார்.

இரண்டு நிமிடத்தில் அத்தனை பதிவேடுகளும் அம்மையார் முன்னால் இருந்தன. ஓர் எழுத்துக்கூடப் பிசகில்லை. "இந்தப் பெண்ணை விட்டுவிடாதீர்கள் டாக்டர்" என்றார் அம்மையார். டாக்டர் தலையாட்டினார். எப்போதும் போலத்தான்.

பொள்ளாச்சி, தேனி, கம்பம் என்று பஸ் மாறி மாறி வந்து, மலையேறுகிற கடைசி வண்டியில் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் ஆனந்திக்கு அழுகை வந்தது. கிடைத்துவிட்ட சந்தோஷமா? அதுவும்தான். பதினொரு விநாடி வேலைக்கு ஆறு வருடமா என்கிற ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே போய்ப் பள்ளி வாசலில் நின்றாள். கோயம்புத்தூர் மாநாட்டில், தாம் எப்படி ஒரு மலைநாட்டு ஏழைப் பெண்ணை வளர்த்து ஆளாக்கி வேலைக்கு அனுப்பினார் என்பதை டாக்டர் உருக்கமாகச் சொன்னாராம். சால்வையும் போட்டார்களாம்.

இங்கேயே முடித்துவிட்டால் உங்களுக்கும் எனக்கும் சௌகரியம். நல்லவள் தப்பித்தாள், சுபம். ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டுமே.

பள்ளியில் ஆனந்தி பம்பரமாகச் சுழன்றாள். எஸ்டேட்டுப் பிள்ளைகளின் கவலைகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேட்டதைச் செய்தாள். முடியாததை முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னாள். பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போயிற்று. வீட்டில், வந்த முதல் மாதமே அம்மா சொன்னாள்: "கண்ணுல பொகை அடிச்ச மாதிரி இருக்கு தாயி. கம்பத்துல ஒரு டாக்டர் இருக்காராம்."

"வர்ற சனிக்கெழம போவம்மா."

அந்தச் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். அடுத்த சனிக்கிழமை மழையில் பாதை சரிந்துவிட்டது. அப்புறம் ஓணப் பரீட்சை, அப்புறம் பயிற்சி முகாம். அம்மா வாராவாரம் கேட்டாள். பிறகு மாதத்துக்கு ஒருமுறை கேட்டாள். பிறகு கேட்கவில்லை. கண் தேவலையாகிவிட்டது போலிருக்கிறது என்று ஆனந்தி நினைத்துக்கொண்டாள். மனதுக்குள் இருப்பதைக் கண்டுபிடிக்கிற படிப்பல்லவா!

அடுத்த வருடம் ஒருநாள் பள்ளி சீக்கிரம் விட்டதால், அம்மாவைக் கூட்டிவர ஸ்டோருக்குள் நுழைந்தாள். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து காய் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் குனிந்து காயைப் பார்த்துக்கொண்டிருக்க, கோமதி மட்டும் நிமிர்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்தபடி இருந்தாள். விரல்கள் ஒவ்வொரு காயாக உருட்டி, தடவி, பருமன் பார்த்து, இந்தக் கூடைக்கும் அந்தக் கூடைக்கும் போட்டுக்கொண்டிருந்தன.

ஆனந்தி அருகே போய் நின்றாள். அம்மாவுக்கு அது யாரென்று தெரியவில்லை.

"அம்மா... ஏம்மா என்கிட்ட சொல்லல?"

குரலைக் கேட்டு முகம் மலர்ந்தது கோமதிக்கு. "சொல்லாமயா இருந்தேன்?" என்றாள். கோபமே இல்லை. "நீயும் இல்லைன்னு சொல்லலையே. ஒனக்கு எத்தன சோலி."

அன்று கிழமை என்னவென்று ஆனந்தி பார்க்கவில்லை. அப்படியே கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றிக் கம்பத்துக்கு இறங்கினாள். புரை முற்றியிருந்தது. அறுவை செய்தார்கள். வலது கண் நன்றாகத் திரும்பியது. இடது கண்ணுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்று கண் டாக்டர் சொன்னார்.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை, எனக்குத் தெரியும். சிவப்பிரகாஷைப் படிக்கும்போது உங்கள் மேலதிகாரியின் முகம் நினைவுக்கு வந்திருக்கும், நன்றாகச் சிரித்திருப்பீர்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கொஞ்ச நாள் முன்பு வரை உங்களிடம் எதையோ திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ இருந்தாரே, இப்போதெல்லாம் அவர் கேட்பதில்லை, கவனித்தீர்களா? விஷயம் தானாகவே தீர்ந்துவிட்டது என்றுதானே நிம்மதியாக இருக்கிறீர்கள்?